விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு வேலையை முழுசாக ஒப்படைப்பது எப்படி

நான் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் ஒரு நாள் எழுந்து வந்தபோது மணி ஒன்றரை. பெரியவளுக்கு அப்போது 9 வயது. ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு மட்டும் பிஸ்கட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஃப்ரிட்ஜில் சாப்பாடு இருந்தது, அவள் கைக்கு எட்டுகிற தட்டில், சுடவைக்காமலே சாப்பிடக்கூடியது. ஏன் எடுத்துச் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"எடுக்கலாமான்னு தெரியல. நீ தூங்கிட்டு இருந்த, எழுப்ப மனசு வரல."

வேலை தெரியாமல் அவள் பட்டினி கிடக்கவில்லை. எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியும், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கவும் தெரியும். கேட்காமல் செய்யலாம் என்பதுதான் தெரியாது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று எல்லோரும் அவளைப் பாராட்டுவார்கள். சொல்லாததைச் செய்யக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொடுத்தது நான். "அதைத் தொடாதே, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அதிலிருந்து மூன்று கோடைகளாக எங்கள் வீட்டில் விடுமுறை வேறு மாதிரி போகிறது. கட்டணம் கட்டிச் சேர்க்கிற வகுப்புகள் இல்லை, அதற்குக் கையில் பணமும் இல்லை. வீட்டில் இருக்கிற சாமான், வீட்டில் இருக்கிற வேலை, அவ்வளவுதான். பள்ளி நாட்களில் எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும், அதனால் பிள்ளை பட்டன் போடுவதற்குள் நம் கை போய்விடும். விடுமுறையில் அந்த அவசரம் கிடையாது. ஒரு வேலைக்குப் பிள்ளை முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கோடையில் நமக்கு இலவசமாகக் கிடைப்பது இந்த நேரம்தான்.

உதவி வேறு, பொறுப்பு வேறு

"அந்தக் கரண்டியை எடு", "இதைக் கொஞ்சம் பிடி" என்று சொன்னால் பிள்ளை நமக்கு உதவுகிறது. நல்லதுதான். ஆனால் அந்த வேலையின் தொடக்கமும் முடிவும் நம் தலைக்குள் இருக்கின்றன, நடுவில் ஒரு துண்டு மட்டும் பிள்ளையிடம் போகிறது. இப்படிப் பத்து வருடம் உதவினாலும் தனியாகச் செய்ய வராது.

என் மகன் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். "தண்ணி பாட்டிலை நிரப்புடா" என்று தினமும் சொல்வேன், நிரப்புவான். சொல்லாத நாளில் பாட்டில் காலியாக நிற்கும், அவன் அதைத் தாண்டிப் போவான். போன கோடையில் பேச்சை மாற்றினேன். "இந்த வீட்டில் குடிதண்ணீர் இனி உன் பொறுப்பு." பாட்டில் காலியாகிறதா என்று பார்ப்பது, நிரப்புவது, வாரத்துக்கு இரண்டு முறை உள்ளே பிரஷ் போட்டுக் கழுவுவது, வெயில் அதிகமான நாளில் ஒரு பாட்டில் கூடுதலாக வைப்பது, எல்லாம் அவனுடையது. பத்து நாள் தடுமாறினான். பிறகு ஒரு மாலை, யாரும் கேட்காமல், "இன்னைக்கு ரொம்ப வெயில், ஆறு பாட்டில் வச்சிருக்கேன்" என்றான். வேலை என்னவோ முன்பு செய்த அதே வேலைதான். அதைப் பற்றி யோசிப்பதும் இப்போது அவனிடம் வந்திருந்தது.

ஆகவே, எதை ஒப்படைத்தாலும் முழுசாக ஒப்படையுங்கள். தேவையைக் கவனிப்பது, சாமானைச் சேகரிப்பது, செய்வது, சுத்தம் செய்து எடுத்த இடத்தில் வைப்பது, விட்டுப்போனால் பதில் சொல்வது, இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு வேலை. சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் முழு வேலையாக இருக்கட்டும்.

ஒப்படைப்பதற்கு எங்கள் வார்டில் ஒரு முறை உண்டு. ஷிப்ட் மாறும்போது நோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்ப மாட்டோம். கட்டிலருகே நின்று வாய்விட்டுச் சொல்வோம், வருகிறவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகு அந்த நோயாளி அவருடைய பொறுப்பு. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளையை உட்கார வைத்து, "இன்றிலிருந்து இது உன்னுடையது. எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்று நீ முடிவு பண்ணு. கேட்டால் சொல்வேன், கேட்காமல் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். திருப்பிச் சொல்லும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். ஒரு பழைய நோட்டையும் வைத்தோம், அதற்குப் பெயர் டூட்டி நோட்டு. யாரிடம் எது, எந்தத் தேதியிலிருந்து, இன்று என்ன நடந்தது என்று இரண்டு வரி. இன்றுவரை அது ஓடுகிறது.

கற்றுக்கொடுப்பதை நான்கு படியாகச் செய்கிறோம். முதலில் நான் செய்வேன், பிள்ளை பார்க்கும். பிறகு சேர்ந்து செய்வோம். அப்புறம் பிள்ளை செய்யும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கடைசியில் நான் அந்த இடத்தை விட்டே போய்விடுவேன். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தரும் இந்த மாதிரி உதவியைக் கட்டடத்துக்குக் கட்டுகிற சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சாரம் என்றால் வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். நம் வீடுகளில் சாரம் கட்டத்தான் வருகிறது, பிரிக்க வருவதில்லை. மூன்றாவது படியிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறோம்.

எத்தனை வேலை? ஒரு பிள்ளைக்கு ஒரு கோடையில் மூன்று, அதிகம் போனால் நான்கு. முதல் வருடம் ஆர்வத்தில் பதினான்கு எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டாவது வாரம் யாருமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமானைக் கீழே இறக்குங்கள்

தொடங்கும் முன் ஒரு நாள் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். தட்டு மேல் அலமாரியில், துடைப்பம் கதவுக்குப் பின்னால் உயர ஆணியில், துணி மாட்டும் கொடி நம் தலைக்கு மேல். எல்லாவற்றுக்கும் பிள்ளை நம்மைக் கூப்பிட வேண்டியிருக்கும். மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகள் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலி, அலமாரி என்று செய்துவைத்தார். விளையாட்டுச் சாமான் கொடுக்காமல், உடையக்கூடிய உண்மையான பாத்திரங்களையே கையில் கொடுத்தார். கவனமாகப் பிடிக்காவிட்டால் உடையும் என்பதைப் பாத்திரமே சொல்லிக்கொடுக்கும். நாங்கள் செய்ததெல்லாம், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு துடைக்கும் துணி, சின்னத் துடைப்பம் ஆகியவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியதும், ஆடாத ஒரு ஸ்டூலைச் சமையலறையில் போட்டதும்தான். மருந்து, பினாயில், பிளீச்சிங் பவுடர், தீப்பெட்டி ஆகியவை மட்டும் முன்பைவிட உயரத்துக்குப் போயின.

சமையலறை

இங்கேதான் பெற்றோருக்குப் பயம் அதிகம். பிள்ளைகளுக்கு ஆசையும் இங்கேதான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கத்தி. 5, 6 வயதில் வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தியும் வாழைப்பழமும் போதும். கூர்மையான சிறிய கத்தியை என் பிள்ளைகளுக்கு 8 வயதுக்குப் பிறகுதான், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கொடுத்தேன். பலகைக்கு அடியில் ஈரத்துணியை விரித்தால் பலகை நகராது. வெள்ளரிக்காய், காரட் மாதிரி உருளுகிற எதையும் முதலில் நாம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே வரும்படி வைத்துக் கொடுக்க வேண்டும். காய் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும், பூனை நகத்தை இழுத்துக்கொள்வது போல. கத்தி கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகக்கூடாது, கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர வேண்டும். இதைக் கத்திக்குப் பதில் ஒரு கரண்டியைக் கீழே போட்டுப் பத்துத் தடவை பழக்கினேன். சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள், ஆனால் உடம்பு கற்றுக்கொண்டது.

அடுப்பு. பெரியவர் ஒருவர் வீட்டில் விழித்திருந்தால் மட்டும். இந்த ஒரு விதியில் எங்கள் வீட்டில் பேச்சுக்கு இடமில்லை. தலைமுடியைக் கட்ட வேண்டும், தொங்குகிற கை உள்ள சட்டை கூடாது, பாத்திரத்தின் பிடி அடுப்பு மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. முதல் சமையலுக்கு முட்டை நல்லது. கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் இறக்கி 8, 10, 12 நிமிடங்களில் ஒவ்வொன்றாக எடுத்து, ஆற வைத்து, இரண்டாக வெட்டி வரிசையாக வையுங்கள். மஞ்சள் கரு எப்படிக் கெட்டியாகிறது என்று பார்த்து, தனக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். மூன்று முட்டையில் கடிகாரம் பார்க்கவும் குறித்து வைக்கவும் பழகிவிடும்.

சுடும். கவனமாக இருந்தாலும் ஒரு நாள் சுடும். அதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது, பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக்கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். 20 நிமிடம் என்பது பிள்ளைக்கு மிக நீளமாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் கையை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள் சும்மாவே கடிகாரம் வைத்து நிற்கப் பழக்கினேன். சுட்ட இடம் அந்தப் பிள்ளையின் கையளவுக்கு மேல் இருந்தாலும், முகத்திலோ கையிலோ மூட்டிலோ கொப்புளம் இருந்தாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும். பற்பசை அப்பிய புண்ணைத் துடைத்தெடுக்கும்போது குழந்தைகள் படும் பாட்டை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சமைத்ததை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்பது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே உள்ளே வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் சமைத்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் மணியை எழுதிப் பாத்திரத்தின் மூடியில் வைக்க வேண்டும். மகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது நான் சமைத்ததற்கும் அவளே எழுதிவைக்கிறாள்.

இவையெல்லாம் கைவந்தபின் வாரத்தில் ஒரு வேளையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். என்ன செய்வது என்பதில் தொடங்கி, வீட்டில் என்ன இருக்கிறது, என்ன வாங்க வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கினால் எத்தனை மணிக்குச் சாப்பிடலாம், யார் பரிமாறுவது, பாத்திரம் யார் கழுவுவது என்பதுவரை. உப்பு தூக்கலாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அடுத்த வாரம் அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

ஒரு பட்டன்

போன வருடம் சின்னவனின் சட்டையில் பட்டன் ஒன்று அறுந்தது. நான் தைத்தால் மூன்று நிமிடம். ஊசி, நூல், பட்டன், ஒரு தீக்குச்சி, நான்கையும் அவன் முன்னால் வைத்தேன்.

நூல் அவன் விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் வரும் அளவு வெட்ட வேண்டும். நீளமாக எடுத்தால் சிக்கும். ஊசியில் கோக்க அவனுக்கு ஏழு தடவை ஆனது. நூல் முனையைச் சாய்வாக வெட்டி, ஈரம் செய்து, விரலுக்குள் நூல் தெரியாத அளவு கிட்டப் பிடித்து, ஊசிக் காதை நூலின் மேல் கொண்டுவரச் சொன்னேன், அப்போது கோத்தது. இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சு. துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை மேலே இழுத்துப் பட்டனின் துளையில் நுழைத்து, பட்டனுக்கு மேல் தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, குச்சியையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஐந்தாறு தடவை போய் வந்ததும் குச்சியை உருவினால் பட்டன் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டால் முடிந்தது. அந்த இடைவெளி இல்லாமல் தைத்தால் காஜாவுக்குள் பட்டன் நுழையாமல் துணி சுருங்கும்.

நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தான். மூக்கு நுனியில் வியர்வை. நாலாவது தையலில் ஊசி விரலில் குத்தியது. என்னைப் பார்த்தான், நான் பஞ்சை நீட்டினேன், துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். முடித்துச் சட்டையைப் போட்டுப் பார்த்தால் பட்டன் வரிசையை விட்டு அரை விரல் தள்ளி நின்றது, சட்டை கோணியது. "சரிதாண்டா, பரவாயில்லை" என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அவனே நூலை வெட்டினான். இரண்டாவது முறை, மேலே இருக்கிற காஜாவைப் பொருத்திப் பார்த்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு தைத்தான். நான் சொல்லித்தரவில்லை. மொத்தம் நாற்பது நிமிடம். அந்தப் பட்டன் இன்னும் விழவில்லை.

துணி விஷயத்தில் மற்றவை சீக்கிரம் வந்துவிடும். தன் துணியைத் துவைப்பது, சாயம் போகிற துணியைப் பிரிப்பது, உதறிக் காயப்போடுவது, மடிப்பது. 7 வயதுக்கு மேல் உள்ள பிள்ளை தன் உள்ளாடையையும் கைக்குட்டையையும் தானே துவைத்துக்கொள்ளலாம்.

காசு

பிள்ளைக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுப்பதைவிட, வீட்டுச் செலவில் ஒரு பகுதியைக் கொடுங்கள். மூன்று நாள் காய்கறிக்கான பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியதைப் பிள்ளையே எழுதட்டும். கடைக்கு நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேசுவதும் பணம் கொடுப்பதும் மீதி எண்ணுவதும் பிள்ளைதான். பொட்டலத்தின் மேலுள்ள விலையை மட்டும் பார்க்காமல் 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு இல்லை என்பதை என் மகள் ஒரு நாள் கடையில் நின்றே கண்டுபிடித்தாள். அன்று முழுக்க அதே பேச்சு.

கணக்கு நோட்டில் நான்கு கட்டம்: தேதி, வந்தது, போனது, இருப்பது. இரவில் கையிலுள்ள காசை எண்ணி "இருப்பது" கட்டத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். முதல் தடவை மகள் பணத்தில் பாதியைப் பழத்துக்கே செலவழித்துவிட்டாள். மூன்றாம் நாள் சமைக்கக் காய் இல்லை. கூடுதல் பணம் நான் கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டில் இருந்ததை வைத்து எளிமையாகச் சாப்பிட்டோம். நஷ்டம் சிறியதாக இருக்கும் வயதிலேயே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

வெளியே போவது

இதில் இடத்துக்கு இடம், பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு. உங்கள் தெருவை நீங்கள்தான் அறிவீர்கள். சிறு பிள்ளைகளுக்கு வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கச் சரியாக வராது. எனவே சாலையைக் கடப்பது கடைசியில் வரட்டும்.

முதலில் வீட்டிலிருந்து நூலகத்துக்கோ கடைக்கோ போகிற வழியைப் படமாக வரையச் சொல்லுங்கள். காலடியை எண்ணிக்கொண்டே நடந்து, எத்தனை அடியில் எந்தத் திருப்பம், அங்கே அடையாளம் என்ன என்று குறிக்கட்டும். வண்டி அடையாளம் ஆகாது, அது நகர்ந்துவிடும். மரம், கம்பம், நிறமடித்த கதவு ஆகும். அடுத்த நாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளை நம்மைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தப்பான பக்கம் திரும்பினாலும் சும்மா பின்னால் போங்கள். எங்கள் மகன் ஒரு தடவை இரண்டு தெரு தள்ளிப் போய் நின்று, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, "இங்க இல்லம்மா, பின்னாடி" என்று தானே திரும்பினான். அப்புறம் பத்தடி பின்னால் நடந்தேன், அப்புறம் முனையில் நின்றேன், அப்புறம் வீட்டு வாசலில். இதற்கே ஒரு கோடை ஆனது.

வழி தவறினால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வையுங்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடிக்கொண்டு அலையக்கூடாது. உதவி கேட்பதானால் கடைக்குள் நிற்கிற கடைக்காரரிடமோ, குழந்தையோடு இருக்கிற ஒரு அம்மாவிடமோ கேட்கலாம். இரண்டு தொலைபேசி எண்களும் வீட்டு முகவரியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். போனில் பதிந்திருக்கிறது என்பது போதாது. அவசர எண்ணுக்குப் பேசவும் ஒத்திகை பாருங்கள். அழுகை வந்தாலும் முதலில் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், பிறகு என்ன நடந்தது என்று. இணைப்பு அறுந்தாலும் ஆள் வர இடம் தெரிந்திருக்கும். எதிர்முனையில் நான் உட்கார்ந்து கேள்வி கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள்.

சில பெற்றோர் தைரியம் வளரட்டும் என்று தண்ணீரில் தனியாக விடுகிறார்கள். வேண்டாம். கிணறு, குளம், ஆறு, நீச்சல் குளம் எதுவானாலும் கையெட்டும் தூரத்தில் பெரியவர் இருக்க வேண்டும். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். அதேபோல, நிறுத்தி மூடிய காருக்குள் ஒளிந்து விளையாடவே கூடாது. வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் 10 டிகிரி போல ஏறிவிடும். இந்த இரண்டிலும் சுதந்திரத்துக்கு இடமில்லை என்று பிள்ளையிடம் காரணத்தோடு சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

வாடிய செடி

செலவே இல்லாதது விதை போடுவது. ஒரு பழைய டப்பா, அடியில் துளை, மண், நான்கைந்து அவரை விதை. விரலை மண்ணில் நுழைத்து, ஈரம் தட்டாவிட்டால் தண்ணீர். சொல்லிக்கொடுக்க இவ்வளவுதான் இருக்கிறது.

நமக்குக் கஷ்டமானது வேறொன்று. மகன் நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான். இலை தொங்கியது. நைட் டூட்டி முடிந்து வந்த காலையில் அந்த டப்பா முன் டம்ளரோடு நின்றேன். ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துவிடும், அவனுக்குத் தெரியவும் தெரியாது. ஊற்றவில்லை. செடி காய்ந்தது. அவன் அழுதான், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் புது விதை கேட்டான். இரண்டாவது டப்பாவை அவன் வைத்த இடம் பல் துலக்கும் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னல். காலையில் கண்ணில் படுமாம். ரகசியமாக நான் ஊற்றியிருந்தால், தான் மறந்தாலும் செடி வளரும் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

காசு கொடுத்து வேலை வாங்குவது

முதல் கோடையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னத் தொகை வைத்தேன். மூன்றாவது வாரம், தம்பி பாலைக் கொட்டிவிட்டான், துணியை எடுத்துவா என்றால், "அதுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள் மகள். அன்றே நிறுத்தினேன். 1973-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. பரிசு இல்லாமலே செய்துகொண்டிருந்ததற்குப் பரிசு வைத்தால் ஆசை பரிசின் பக்கம் போய்விடுகிறது. பாராட்டும்போதும் "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "ஆறு பாட்டில் வைத்திருந்தாய், மாலையில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது" என்றால் தன் வேலை யாருக்குப் பயன்பட்டது என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

"போரடிக்குது" என்று வருவார்கள். உடனே ஒரு ஏற்பாடு செய்யாதீர்கள். அரைமணி நேரம் பொறுத்தால் அவர்களே எதையாவது எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த அரைமணி நேரத்தில் போனைக் கையில் கொடுத்தால் எல்லாம் கெட்டது.

பள்ளி திறந்த பிறகு

விடுமுறை முடிகிற வாரத்தில் எல்லாவற்றையும் நாமே திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டு, "பாவம், படிக்கட்டும்" என்று. ஒன்றையாவது விடாமல் வைத்திருங்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் பெரியவர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் வருகிற நிலைக்குப் போக நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. கோடையில் தொடங்கியது கோடையோடு முதிர்ந்துவிடாது. எங்களிடம் பள்ளி நாட்களில் மகனுக்குக் குடிதண்ணீர் மட்டும், மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சமையல் மட்டும். மற்றவை அடுத்த விடுமுறைவரை ஓய்வில் இருக்கும்.

இந்தக் கோடையில் போன செவ்வாய்க்கிழமை நைட் டூட்டி முடிந்து வந்தேன். வீடு அமைதியாக இருந்தது, இருவரும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் டூட்டி நோட்டு திறந்திருந்தது. பெரியவளின் கையெழுத்து:

"அம்மா, அப்பா கிளம்பறதுக்கு முன்னாடியே சமைச்சு முடிச்சுட்டேன். அடுப்பு அணைச்சாச்சு, அப்பா பார்த்துட்டாங்க. 7.50-க்கு இறக்கினேன், 8.30-க்கு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். உன்னோடது இரண்டாவது தட்டுல. தம்பி சாப்பிட்டான், நானும் சாப்பிட்டேன். நீ தூங்கு."